சுண்டெலி அறுவை: வலி மருந்தைக் கத்தி வைக்கும் முன்பே போடணுமா?

கேள்வி:
சுண்டெலிக்கு வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை, ஐசோஃப்ளூரேன் மயக்கத்தில் 20 நிமிட வேலை. இதுவரை தையல் போட்டு எலி எழுந்த பிறகுதான் வலி மருந்தான புப்ரெனார்ஃபின் ஊசி. இப்போது விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழு முன்பே போடச் சொல்கிறது, கீறும் இடத்தில் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைக்கும் புபிவகெய்னும் போடணுமாம். மயங்கிக் கிடக்கும் எலிக்கு ஏது வலி? மூச்சு அடங்கிவிட்டால்?

பதில் 1:
குழு சொல்வதுதான் சரி. ஐசோஃப்ளூரேன் நினைவை எடுக்கும், அவ்வளவுதான். கத்தி பட்டதும் வலிச் செய்தி தண்டுவடத்துக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும், அங்குள்ள நரம்புகள் உசுப்பேறிவிட்டால் அப்புறம் லேசாகத் தொட்டாலே வலிக்கும். அது போக நேரக் கணக்கைப் பாருங்கள்: தோலடியில் போட்ட புப்ரெனார்ஃபின் பிடிக்க அரைமணியாவது ஆகும், ஐசோஃப்ளூரேனை நிறுத்தினால் எலி சில நிமிடத்தில் எழுந்துவிடும். இடையில் அது சும்மா வலியில் கிடக்கிறது. அரைமணி முன்னால் போட்டுவிட்டு ஐசோஃப்ளூரேன் அளவைக் குறையுங்கள், குறைவாகவே போதும். மூச்சைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

பதில் 2:
புபிவகெய்ன் முடி மழித்துச் சுத்தம் செய்ததும், கீறப்போகும் கோட்டில் தோலடியில். ஐந்து பத்து நிமிடம் பொறுத்துக் கீறுங்கள். அளவில் ஜாக்கிரதை! 0.5% மருந்தை அப்படியே 0.05 மிலி போட்டால் 25 கிராம் எலிக்குக் கிலோவுக்கு 10 மிகி ஆகிவிடும், அது அதிகம். சலைன் கலந்து 0.125% ஆக்கி 0.1 மிலி போட்டால் கிலோவுக்கு 5 மிகிதான், கோடு முழுக்கப் பரவவும் செய்யும்.

பதில் 3:
முதல் ஊசியைப் பற்றியே பேசுகிறோம். நான் மாலை நான்கு மணிக்கு அறுவை முடித்து வீட்டுக்குப் போய்விட்டு, காலையில் வந்தால் எலி முதுகைக் கூனி, கண்ணைச் சுருக்கி மூலையில் கிடந்தது, கூடு கட்டப் போட்ட பஞ்சைத் தொடவே இல்லை. சாதாரண புப்ரெனார்ஃபின் ஆறேழு மணி நேரம்கூடத் தாங்காது. இப்போது அறுவை காலையில்தான், கூடவே அழற்சியையும் தணிக்கும் வலி மருந்தான மெலாக்சிகாம்.

கேட்டவர்:
நன்றி. எங்கள் ஆய்வே அழற்சி பற்றியது, மெலாக்சிகாம் முடிவைக் கெடுக்காதா?

பதில் 1:
கெடுக்கலாம். அப்படியானால் அதை விட்டுவிட்டு இரவிலும் புப்ரெனார்ஃபின் போட ஆள் வையுங்கள். ஒப்பிட வைத்திருக்கும் கட்டுப்பாட்டுக் குழு எலிகளுக்கும் அதே மருந்து, அதே நேரம்.