மாணவர்கள் எஸ்.ஓ.பி.யை (ஒவ்வொரு வேலைக்கும் எழுதி வைத்த நடைமுறையை) வரி தவறாமல் ஒப்பிக்கிறார்கள், ஆனால் முடிவு எடுக்கச் சொன்னால் தயங்குகிறார்கள்: என்ன செய்யலாம்?

முன்மேசை எழுதியது:

வணக்கம். 11 வருடம் ஹோட்டல் ஃப்ரண்ட் ஆபீஸில், அதாவது வரவேற்பு மேசையில், வேலை பார்த்துவிட்டு, இப்போது நான்காவது வருடமாக ஹோட்டல் மேலாண்மைப் பட்டப்படிப்பில் பாடம் எடுக்கிறேன். இரண்டாம் ஆண்டு வகுப்பு, 42 பேர். நல்ல பிள்ளைகள், நேரத்துக்கு வருவார்கள், சீருடையில் ஒரு சுருக்கம் இருக்காது. என் கவலை வேறு.

போன வாரத் தேர்வில் ஒரு கேள்வி வைத்தேன். இரவு 10 மணி. ஓவர்புக்கிங் ஆகிவிட்டது. மீதி இருப்பது 3 அறை, இன்னும் வர வேண்டியவை 5 ரிசர்வேஷன். முதலாமவர் மாதாமாதம் வந்து தங்குபவர், இந்த முறை ஒரே இரவு. இரண்டாவது, கைக்குழந்தையோடு வரும் குடும்பம், 4 இரவு. மூன்றாமவர் இணையதளம் வழியாக முழுப்பணமும் கட்டிவிட்டவர், ஒரே இரவு. நான்காமவர் ஒரு கருத்தரங்குக் குழுவைச் சேர்ந்தவர், 3 இரவு. அந்தக் குழுவில் மற்ற 20 பேரும் ஏற்கெனவே செக்-இன் ஆகிவிட்டார்கள். ஐந்தாமவர் போனில் பதிவு செய்தவர். முன்பணமும் இல்லை, கார்டு விவரமும் இல்லை, மாலை 6 மணிக்கு வருவேன் என்று சொன்னவர். யாரை வேறு ஹோட்டலுக்கு அனுப்புவீர்கள், ஏன்?

வந்த விடைகள் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே அச்சு. மன்னிப்புக் கேட்க வேண்டும், அதே தரத்தில் வேறு ஹோட்டலில் அறை பிடிக்க வேண்டும், வாகனம் ஏற்பாடு செய்ய வேண்டும், டியூட்டி மேனேஜரிடம் தெரிவிக்க வேண்டும். எல்லாம் சரிதான். ஆனால் 31 பேர் யாரை என்று எழுதவே இல்லை. 8 பேர் "கடைசியாக வருபவர்களை" என்று எழுதினார்கள். மூன்றே மூன்று பேர்தான் ஆளைக் குறிப்பிட்டுக் காரணமும் சொன்னார்கள்.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், இதே போன்ற ஓர் இரவில், கடைசியாக வந்தவரை நான் வேறு ஹோட்டலுக்கு அனுப்பினேன். விதி அப்படித்தான் இருந்தது. எல்லாப் படிகளையும் ஒழுங்காகச் செய்தேன், மறுநாள் பாராட்டு கூடக் கிடைத்தது. அவருடைய மனைவி எங்கள் ஹோட்டலுக்கு எதிரில் இருந்த மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதற்காகத்தான் எங்களிடம் அறை எடுத்திருந்தார். நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

விமர்சனச் சிந்தனை என்றால் என்ன என்று தேடிப் படித்தேன். 1990-ல் அமெரிக்கத் தத்துவவியல் கழகத்துக்காக 46 வல்லுநர்கள் சேர்ந்து முடிவு செய்த ஆறு திறன்கள்: பொருள் காணுதல், பகுத்தல், மதிப்பிடுதல், அனுமானித்தல், விளக்கிச் சொல்லுதல், தன் சிந்தனையைத் தானே சரிபார்த்தல். படித்தபோது எல்லாம் புரிந்தது. திங்கட்கிழமை காலை 9 மணிக்கு வகுப்பில் நின்று என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. அதே நேரம் எஸ்.ஓ.பி. ஒழுங்கும் கெடக் கூடாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அறைக்கணக்கு எழுதியது:

மேடம், நான் ரெவென்யூ மேனேஜ்மென்ட் (அறை விற்பனை, வாடகை, வருமானம் பற்றிய பாடம்) எடுக்கிறேன். உங்கள் கேள்வி நல்ல கேள்வி, ஆனால் தாளில் எல்லாத் தகவலையும் நீங்களே கொடுத்துவிட்டீர்கள். உண்மையில் மேசையில் நிற்பவனுக்கு ஐந்து பெயர்கள்தான் தெரியும். மற்றதை அவனேதான் தோண்டி எடுக்க வேண்டும்.

நான் செய்வது இது. தகவலைப் பாதியாகக் கொடுப்பேன். ஐந்து நிமிடம், பேச்சு கிடையாது, ஆளாளுக்குத் தாளில் முடிவையும் ஒரு காரணத்தையும் எழுத வேண்டும். பேனாவால், அடிக்க முடியாதபடி. அப்புறம் ஒவ்வொரு குழுவும் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். எந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள் என்பதிலேயே யார் யோசிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். விடை கிடைத்ததும் முதல் முடிவை மாற்றலாம், ஆனால் எது மாற்ற வைத்தது என்று எழுத வேண்டும். முதலில் எழுதி வைக்காவிட்டால் எல்லோரும் "நானும் அப்படித்தான் நினைத்தேன்" என்று சொல்லிவிடுவார்கள். தான் தவறாக நினைத்தது தன் கையெழுத்திலேயே முன்னால் இருக்கும்போதுதான் நீங்கள் சொன்ன ஆறாவது திறன், தன் சிந்தனையைத் தானே சரிபார்ப்பது, வேலை செய்ய ஆரம்பிக்கிறது.

என் பாடத்திலிருந்து ஓர் உதாரணம். 100 அறை உள்ள இரண்டு ஹோட்டல்கள். ஒன்றில் 90 அறை விற்றது, சராசரி வாடகை 80. மற்றதில் 75 அறை விற்றது, சராசரி வாடகை 100. எது நன்றாக நடக்கிறது? முதல் நிமிடத்தில் பெரும்பாலோர் 90 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்வார்கள். ரெவ்பார் கணக்கு (மொத்த அறை வருமானத்தை, விற்காததையும் சேர்த்து எல்லா அறைகளாலும் வகுப்பது) தெரிந்தவர்கள் முதலாவதுக்கு 72, இரண்டாவதுக்கு 75 என்று போட்டு இரண்டாவதுதான் என்பார்கள். அங்கேயே நிறுத்தினால் ஒரு சூத்திரத்தை ஒப்பித்ததோடு சரி. நான் நிறுத்த மாட்டேன். 15 அறைகளைச் சுத்தம் செய்யும் செலவு இரண்டாவதில் இல்லை. அப்படியானால் இடைவெளி இன்னும் கூடுமா? முதலாவதில் கூடுதலாகத் தங்கும் 15 அறைக்காரர்கள் சாப்பிடுவார்கள், அரங்கு எடுப்பார்கள், அப்படியானால் குறையுமா? ரெவ்பாரில் இது எதுவும் வராது. "இந்த எண் எதைச் சொல்லாமல் விடுகிறது" என்று ஒரு மாணவன் தானாகக் கேட்கும் நாள்தான் எனக்கு நல்ல நாள்.

ஆய்வுகளையும் இப்படியே பயன்படுத்தலாம். துண்டை மறுபடி பயன்படுத்தச் சொல்லி அறையில் அட்டை வைப்பது பற்றி கோல்ட்ஸ்டைன், சியால்டினி, கிரிஸ்கெவிசியஸ் மூவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பிடித்தது. சுற்றுச்சூழலைக் காப்பாற்றுங்கள் என்ற அட்டையைப் பார்த்துத் துண்டை மறுபடி பயன்படுத்தியவர்கள் சுமார் 35 விழுக்காடு. பெரும்பாலான விருந்தினர்கள் இப்படிச் செய்கிறார்கள் என்ற அட்டைக்குச் சுமார் 44. முடிவைச் சொல்வதற்கு முன்னால் எது ஜெயிக்கும் என்று எழுத வைப்பேன். பிறகு முடிவைச் சொல்வேன். பிறகு, அந்த முதல் சோதனை 190 அறை கொண்ட ஒரே ஹோட்டலில் 80 நாள் நடந்தது என்று சொல்லி, நம் ஹோட்டலில் அப்படியே நடக்குமா என்று கேட்பேன். அந்த மூன்றாவது படிக்கு ஒரு முழு வகுப்பே போய்விடும். போகட்டும்.

இரவுப்பணி எழுதியது:

நான் ஆசிரியர் இல்லை, டியூட்டி மேனேஜர். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளைப் பார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எஸ்.ஓ.பி.க்கும் யோசனைக்கும் சண்டை இருப்பதாக நினைக்க வேண்டாம். எஸ்.ஓ.பி.யில் இருக்கும் ஒவ்வொரு வரியும் எங்கோ யாரோ பட்ட அடியிலிருந்து வந்தது. அந்த அடி என்ன என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். செக்-இன் செய்யும்போது அறை எண்ணை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, எழுதிக் காட்ட வேண்டும் என்று எல்லோரும் படித்திருப்பார்கள். ஏன் என்று கேட்டால் பாதிப் பேர் "மரியாதைக்கு" என்பார்கள். தனியாக வந்திருக்கும் ஒரு பெண்ணின் பின்னால் வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. காரணம் அது. இது புரிந்தவன், விதியில் எழுதாததையும் செய்வான். போனில் "இன்னார் எந்த அறையில் இருக்கிறார்" என்று யாராவது கேட்டால் சொல்ல மாட்டான். லிஃப்ட் அருகே சக ஊழியரிடம் கத்திச் சொல்ல மாட்டான். காரணம் தெரியாதவன் மேசையில் எழுதிக் காட்டிவிட்டு, பெட்டி தூக்குபவரிடம் எண்ணைச் சத்தமாகச் சொல்வான். இதை நான் ஒரு முறை அல்ல, பல முறை பார்த்திருக்கிறேன்.

அடுத்த படியாக, இந்த விதி எந்தச் சூழலில் தன் நோக்கத்துக்கே எதிராகப் போகும் என்று கேளுங்கள். எழுதிக் காட்டினால் படிக்க முடியாத பார்வைக் குறைபாடு உள்ளவர் வந்தால் என்ன செய்வாய்? விதியை மீற வேண்டியதில்லை. கொஞ்சம் தள்ளி அழைத்துப் போய் மெதுவாகச் சொல்லலாம், கூடவே அறை வரை போகலாம். நோக்கம் தெரிந்தால் வழி தானாக வரும்.

இன்னொன்று, லாக் புக், அதாவது அன்றன்று நடந்ததையும் வந்த புகார்களையும் எழுதி வைக்கும் பதிவேடு. பெயர்களை நீக்கிவிட்டு ஒரு வாரப் பதிவை வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். எங்களிடம் ஒரு சமயம் "செக்-இன் தாமதம்" என்ற புகார் தொடர்ந்து வந்தது. பயிற்சிப் பிள்ளைகள் எல்லோரும் மேசையில் ஆள் போட வேண்டும் என்றார்கள். ஒரு பையன் மட்டும் புகார் வந்த நேரங்களை வரிசையாக எழுதினான். எல்லாமே 2 மணிக்கும் 3 மணிக்கும் இடையில், அதுவும் இரண்டு குறிப்பிட்ட தளங்களில். அங்கே அறை தயாராகவில்லை. ஏன்? விரிப்பு வரவில்லை. ஏன்? அந்தத் தளங்களுக்கான சலவை வண்டி கடைசிச் சுற்றில் ஏறிக்கொண்டிருந்தது. சுற்றை மாற்றினோம், புகார் நின்றது. மேசைக்கு ஓர் ஆள் கூடப் போடவில்லை. அந்தப் பையன் செய்ததெல்லாம் நேரத்தை எழுதியதுதான்.

அடுப்படி எழுதியது:

உற்பத்திச் சமையலறை எடுக்கிறேன். சின்னக் குறிப்பு. எங்களிடம் விவாதிக்கவே கூடாத நேரம் உண்டு. தீ, வெட்டுக்காயம், ஒவ்வாமை. அப்போது சொன்னதைச் செய்ய வேண்டும், யோசனை அப்புறம். அந்த "அப்புறம்" கட்டாயம் வர வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்க உணவு விதித்தொகுப்பில், சமைத்ததை 57 டிகிரி செல்சியஸிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள் ஆற்ற வேண்டும், 5 டிகிரிக்கு மொத்தம் 6 மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும். மனப்பாடம் செய்யட்டும், செய்தே ஆக வேண்டும். வேலை முடிந்து மேடை துடைத்த பிறகு நான் கேட்பது: முதல் பகுதிக்கு மட்டும் ஏன் இவ்வளவு அவசரம்? கிருமி வேகமாகப் பெருகுவது அந்த வெதுவெதுப்பான பகுதியில்தான் என்று அவர்களாகவே வந்து சேர்ந்துவிட்டால், பெரிய பாத்திரத்தை அப்படியே குளிர்ப்பெட்டியில் வைக்காமல் ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து வைக்க நான் சொல்ல வேண்டியதே இல்லை.

இறுதியாண்டு எழுதியது:

மேடம், நான் மாணவி. எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் 31 பேருக்கும் யாரை அனுப்பலாம் என்று ஏதோ ஒன்று தோன்றியிருக்கும். எழுதாமல் விட்டிருப்பார்கள். ஆளைச் சொன்னால் அது தவறாகப் போகலாம், படிகளை எழுதினால் மதிப்பெண் உறுதி. முதல் ஆண்டிலிருந்தே விடைத்தாளில் படிக்கு ஒரு மதிப்பெண் என்று பழகிவிட்டோம். நான் பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு நாள் "ஏன் இப்படி" என்று கேட்டதற்கு, "கேள்வி கேட்கவா வந்தாய்" என்றார்கள். அதற்குப் பிறகு மீதி நான்கு மாதமும் நான் வாயைத் திறக்கவில்லை. மதிப்பீட்டில் "பணிவானவர், சிறப்பு" என்று வந்தது.

தவறான முடிவுக்கும் நல்ல காரணம் சொன்னால் மதிப்பெண் உண்டு என்று கேள்வித்தாளிலேயே எழுதிப் பாருங்கள். வாயால் சொன்னால் நாங்கள் நம்ப மாட்டோம்.

முன்மேசை எழுதியது (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. இறுதியாண்டு, நீ எழுதியதைப் படித்துவிட்டு என் பழைய விடைக்குறிப்பை எடுத்துப் பார்த்தேன் அம்மா. 10 மதிப்பெண்ணில் 8 படிகளுக்கு, 2 காரணத்துக்கு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையே இல்லை. மாற்றிவிட்டேன். படிகளுக்கு 3, முடிவுக்குச் சொல்லும் காரணத்துக்கு 4, "என்ன தெரிந்தால் என் முடிவு மாறும்" என்பதற்கு 3. கேள்வித்தாளிலேயே அச்சிட்டேன்.

அதே ஐந்து பேர் கேள்வியை மறுபடி கொடுத்தேன், அறைக்கணக்கு சொன்ன மாதிரி தகவலைப் பாதியாக மட்டும் வைத்து. முதல் தாளில் பெரும்பாலோர் குழந்தையோடு வரும் குடும்பத்தை அனுப்பக் கூடாது என்று மட்டும் உறுதியாக இருந்தார்கள். கேள்விகள் வர ஆரம்பித்ததும் வகுப்பின் சத்தமே மாறியது. எத்தனை இரவு என்று ஒரு குழு கேட்டது; ஒரே இரவு தங்குபவரை அனுப்பினால் மறுநாள் திரும்ப அழைத்து வரும் அலைச்சல் அவருக்கு இல்லை என்று அவர்களே சொன்னார்கள். கருத்தரங்குக் குழுவில் யாராவது இரட்டைக் கட்டில் அறையில் தனியாக இருக்கிறாரா என்று இன்னொரு குழு கேட்டது. இருக்கிறார் என்றேன். இருவரும் சம்மதித்தால் ஒரு அறை மிச்சம்.

அப்புறம், வழக்கமாக வாயே திறக்காத ஒரு மாணவி கையைத் தூக்கினாள். "ஐந்தாமவர் 6 மணிக்கு வருவதாகச் சொன்னார், இப்போது 10 மணி. அவருக்கு யாராவது போன் செய்தார்களா மேடம்?"

யாரும் செய்யவில்லை. கேள்வியை எழுதிய எனக்கும் தோன்றவில்லை. ஐந்து பேரும் வந்தே தீருவார்கள் என்று நானும் சேர்ந்து நம்பிக்கொண்டிருந்தேன். முன்பணம் இல்லாத பதிவை 6 மணிக்கு மேல் விடுவித்துவிடும் வழக்கம் இருப்பதையும், இருந்தாலும் ஒரு போன் செய்துவிட்டு விடுவிப்பதுதான் நியாயம் என்பதையும் அதற்குப் பிறகு அரை மணி நேரம் பேசினோம். இரண்டு பேரை அனுப்ப வேண்டிய இடத்தில், ஒருவரைக் கூட அனுப்ப வேண்டியிராமல் போகலாம் என்று அவர்களே பலகையில் கணக்குப் போட்டார்கள்.

இரவுப்பணி, பெயர் நீக்கிய லாக் புக் பதிவு ஒரு வாரத்துக்கு உங்களால் தர முடியுமா? புகார் வந்த நேரத்தை மட்டும் விட்டுவிட்டுக் கொடுங்கள். அதை அவர்கள் கேட்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.