வேலூரில் ஜெயிக்கும் பக்கம்தான் ஆட்சிக்கு வருமா?

சத்துவாச்சாரி பையன்:
டோல்கேட் பக்கம் டீக்கடையில் ஒரு பெரியவர், "நம்ம கோட்டை எந்தப் பக்கமோ, மெட்ராஸ் கோட்டையும் அந்தப் பக்கம்" என்று அடித்துச் சொன்னார். அதாவது வேலூர் தொகுதியில் ஜெயிக்கும் கூட்டணிதான் எப்போதும் ஆட்சியைப் பிடிக்குமாம். நான் முதல் ஓட்டுப் போட்டதே 2021-ல்தான். அந்தத் தடவை அப்படித்தான் நடந்தது. பழைய கணக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பாகாயம் வாசி:
"எப்போதும்" என்பது தப்பு. 2016-ல் இங்கே ஜெயித்தது திமுகவின் கார்த்திகேயன். முதலமைச்சர் ஆனது ஜெயலலிதா. கதை முடிந்தது.

கொசப்பேட்டை பெயின்டர்:
தம்பி, பாகாயத்துக்காரர் சொல்வது சரி. ஆனால் பெரியவர் முழுக்கப் பொய் சொல்லவில்லை. 1989-லிருந்து 2011 வரை ஆறு தேர்தலிலும் கணக்கு ஒத்துப்போகும். நான் அந்தக் காலத்தில் சுவர் எழுதிப் பிழைத்தவன். எனக்கு ஆண்டுகள் சின்னத்தோடுதான் ஞாபகம் இருக்கின்றன.

1989-ல் உதயசூரியன், தேவராஜ். ஆட்சியும் திமுக. 1991-ல் ஞானசேகரன், காங்கிரஸ், கை. அப்போது கூட்டணி இரட்டை இலையோடு. ராஜீவ் காந்தி கொல்லப்பட்டு, தேர்தல் ஜூனுக்குத் தள்ளிப்போனது. அந்த மூன்று வாரம் நான் பிரஷ்ஷையே தொடவில்லை. தொடவும் தேவையிருக்கவில்லை, ஓட்டு தானாக விழுந்தது.

1996-ல் மூப்பனார் காங்கிரசை விட்டு வந்து தமிழ் மாநில காங்கிரஸ் (தமாகா) என்று தனிக்கட்சி கண்டார். அதே ஞானசேகரன், இந்த முறை தமாகா, சைக்கிள், திமுகவோடு கூட்டணி. எங்களுக்குத்தான் தலைவலி. கை என்றால் ஐந்து நிமிட வேலை. சைக்கிளுக்கு ஆணி அடித்து, சணல் கட்டி இரண்டு வட்டம் போட வேண்டும். அப்புறம் கம்பி கம்பியாக ஆரம். ஹேண்டில் கோணிப்போனால் ஆட்டுக்கொம்பு மாதிரி தெரியும். சுண்ணாம்பு காயாத சுவரில் வஜ்ரப் பசை கலந்த கறுப்பு வேறு வழிந்துவிடும்.

2001-ல் மறுபடியும் அதே சைக்கிள், அதே ஆள். ஆனால் பக்கத்தில் எழுத வேண்டியது சூரியன் இல்லை, இலை! தமாகா அதிமுக பக்கம் போய்விட்டது. 2006-க்குள் கட்சி காங்கிரசோடு சேர்ந்துவிட்டதால் திரும்பவும் கை, திரும்பவும் திமுக கூட்டணி. ஒரே மனிதர், நான்கு வெற்றி. கூட்டணி மட்டும் இலை, சூரியன், இலை, சூரியன். நான்கு முறையும் ஜெயிக்கும் பக்கத்தில் இருந்தார்.

அதனால் என் கணிப்பு, வேலூர் ஒன்றும் ஜோசியம் சொல்லவில்லை. 1991-லிருந்து 2006 வரை இங்கே ஜெயித்த சின்னம் இலையும் இல்லை, சூரியனும் இல்லை. பெரிய கட்சிகள் கூட்டாளிக்குத் தள்ளிவிட்ட தொகுதி. கூட்டணிக்கு அலை அடித்தால் இதுவும் அதோடு போனது. ஆளும் பக்கத்து எம்எல்ஏ என்றாலும் மந்திரி நாற்காலி வந்ததா? 2011-ல் அதிமுகவே நேரடியாக டாக்டர் விஜயை நிறுத்தியபோதுதான் வந்தது. அவர் ஞானசேகரனையே தோற்கடித்து சுகாதாரத்துறை மந்திரி ஆனார். 2013-ல் அதுவும் போனது.

பாக்கி என்று ஒன்றும் உண்டு. 2001-ல் வேலப்பாடியில் பதினோரு சைக்கிள் வரைந்ததற்கு ஒரு வட்டச் செயலாளர் இன்னும் காசு தரவில்லை.

பாகாயம் வாசி:
அண்ணா, சைக்கிள் கதை நான் கேள்விப்படாதது. சரி, 2016-ல் மட்டும் ஏன் உடைந்தது? சுமார் இருபத்தாறாயிரம் ஓட்டு வித்தியாசம், லேசாக நழுவியது இல்லையே.

காட்பாடி ரயில்:
எதற்கு அலை கிலை என்று? பாலாற்றைத் தாண்டி எங்கள் காட்பாடி பக்கம் வாருங்கள். 1996 முதல் 2021 வரை ஆறு தேர்தலிலும் திமுகவின் துரைமுருகன். மெட்ராஸில் யார் ஆண்டாலும் எங்களுக்குக் கவலையில்லை. ஆனால் 2021-ல் அலை அவர் கட்சிக்கு அடித்தும் வெறும் 746 ஓட்டில்தான் தப்பினார். ராத்திரி வரை டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

கொசப்பேட்டை பெயின்டர்:
2016-க்கு என்னிடம் பதில் பாதிதான். கஸ்பா, மக்கான் பக்கத்து முஸ்லிம் ஓட்டு எனக்குத் தெரிந்த தெருக்களில் சூரியனுக்கு மொத்தமாக விழுந்தது. இத்தனைக்கும் இலையில் நின்றவர் ஹாரூன் ரஷீத். 2019 ஆகஸ்டில் நடந்த எம்பி தேர்தலையும் பாருங்கள். அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் மூன்றும் இலையில் நின்ற ஏ.சி.சண்முகத்துக்கு முன்னிலை கொடுத்தன. முஸ்லிம் ஓட்டு அதிகமுள்ள வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் மூன்றும் சேர்ந்து சூரியனில் நின்ற கதிர் ஆனந்தை 8,141 ஓட்டில் கரையேற்றின.

சத்துவாச்சாரி பையன்:
ரொம்ப நன்றிண்ணா. நாளைக்கு அந்தப் பெரியவரிடம் 2016-ஐச் சொல்கிறேன். சண்டைக்கு வருவார் என்று நினைக்கிறேன், பழைய மூப்பனார் ஆளாம்.

கொசப்பேட்டை பெயின்டர்:
மூப்பனார் ஆளா? வீடு வேலப்பாடியா என்று முதலில் கேள், தம்பி.