மொய் நோட்டில் தெரிந்த கடன்: நெருங்கிய நண்பர் தன் நிலையை மறைப்பது நட்புக்குத் துரோகமா?

தெப்பக்குளத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு மாதமாக மனத்தை அரித்துக்கொண்டிருப்பதை இங்கே இறக்கி வைக்கிறேன்.

எனக்கு இருபத்திரண்டு ஆண்டுகால நண்பர் ஒருவர் இருக்கிறார். மாலையில் அவர் கடையைச் சாத்தியதும், நான் அலுவலகம் விட்டதும், வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் அரை மணி நேரமாவது உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். சென்ற மாதம் என் மகளுக்குக் காதணி விழா நடந்தது. விருந்தெல்லாம் முடிந்தபின் மொய் நோட்டைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என் மைத்துனன், ஒரு வரியில் விரலை வைத்து, "மச்சான், இதுல ஒரு சைபர் விட்டுப்போச்சா?" என்று கேட்டான். நண்பரின் பெயருக்கு நேரே 501 என்று இருந்தது. அவர் மகளின் சடங்குக்கு நான் 5,001 எழுதியிருந்தேன். செய்முறையைத் திருப்பிச் செய்யும்போது ஒரு ரூபாயாவது கூட்டிச் செய்வதுதான் எங்கள் பக்கத்து வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும்.

முதலில் கோபம்தான் வந்தது. பிறகு வேறொருவர் மூலம் செய்தி வந்தது: அவர் கடை ஒரு வருடத்துக்கும் மேலாக நட்டத்தில் ஓடுகிறது, தினவட்டிக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கிறது. அந்த ஒரு வருடமும் தவறாமல் என்னெதிரே உட்கார்ந்து டீ குடித்தவர், கிரிக்கெட்டும் அரசியலும் பேசினாரே தவிர, இதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. பணம் எனக்குப் பொருட்டில்லை. உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாத நட்பு என்ன நட்பு என்பதே என் கேள்வி. இருபத்திரண்டு வருடம் நான் ஒரு முகத்தோடு மட்டும்தான் பழகியிருக்கிறேனோ என்று நினைக்கும்போது வலிக்கிறது.

செல்லூர்த்தறி எழுதியது:

தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் அவர் மறைத்ததைப் பொய் முகம் என்று நீங்கள் எழுதுவதை ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை.

செல்லூரில் நாங்கள் கைத்தறிக் குடும்பம். நான் பள்ளியில் படித்த காலத்தில், பாவு கிடைக்காமல் வாரக்கணக்கில் தறி சும்மா கிடந்த நாட்கள் உண்டு. அப்போதும் என் அப்பா காலையில் குளித்துவிட்டுத் தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்து, நூலே இல்லாத தறியில் பலகையை மட்டும் இழுத்து இழுத்து அடித்துக்கொண்டிருப்பார். தெருவில் போகிறவர்களுக்குத் தறிச்சத்தம் கேட்க வேண்டும் என்பதுதான் காரணம். அப்பா ஊரை ஏமாற்றினார் என்று இன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை. 'நான் உழைத்துச் சாப்பிடுகிறவன்' என்று தன்னைப் பற்றி அவர் வைத்திருந்த எண்ணம் ஒன்று மட்டுமே அப்போது அவரிடம் மிச்சமிருந்தது. அதையும் தெருவில் அவிழ்த்துப் போட்டுவிட்டால் மறுநாள் காலையில் எழுந்திருக்கவே அவருக்குத் தெம்பு இருந்திருக்காது.

உங்கள் நண்பர் கடை முதலாளி. நாலு பேருக்குக் கொடுத்துப் பழகிய கை அது. அந்தக் கை நீளும்படி நேர்ந்ததை உங்களிடம் சொல்லாததால் நட்பு குறைந்துவிடாது. தினமும் அந்த அரை மணி நேரம் மட்டும்தான் அவர் கடன்காரராக இல்லாமல் பழைய ஆளாகவே இருந்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

யானைமலைநிழல் எழுதியது:

நான் ஒரு கல்லூரியில் மாணவர்களுக்கு ஆலோசகராக இருக்கிறேன். தறிச்சத்தத்தைப் பற்றி ஐயா எழுதியதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. இருந்தாலும் அவர் முடிவிலிருந்து நான் மாறுபடுகிறேன்.

ஒருவர் 'நான் இப்படிப்பட்டவன்' என்று தனக்குள் வைத்திருக்கும் எண்ணத்தைத் தற்கருத்து என்கிறோம். அது அவருக்குள் தானாக முளைப்பதில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் கூலி 1902இல் இதைக் கண்ணாடிக்கு ஒப்பிட்டார்: பிறர் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்று கற்பனை செய்கிறோம், அதை அவர்கள் எப்படி மதிப்பிடுவார்கள் என்றும் கற்பனை செய்கிறோம், அதிலிருந்து பெருமையோ கூச்சமோ கொள்கிறோம். இரண்டுமே கற்பனைதான் என்பதைக் கவனியுங்கள். ஐயாவின் அப்பா சத்தம் எழுப்பியது, தெரு என்ன நினைக்கும் என்று அவர் நினைத்ததற்காக. தெருவில் யாராவது ஒருவர் உள்ளே வந்து, "இங்கேயும் பாவு இல்லை" என்று சொல்லியிருந்தால், அந்த வெறும் தறியை அவர் அடித்திருக்க வேண்டியதில்லை. மனம் திறந்து பேசாத இடத்தில் இந்தக் கற்பனையைத் திருத்த வழியே கிடையாது. அதனால்தான் தன்வெளிப்பாடு, அதாவது பிறர் தானாக அறிய முடியாத நம் செய்தியை நாமே விரும்பிச் சொல்வது, உறவுக்கு இன்றியமையாதது என்கிறேன்.

அதற்கும் படிகள் உண்டு. இர்வின் ஆல்ட்மன், டால்மஸ் டெய்லர் என்ற இரு உளவியலாளர்கள் 1973இல் இதை வெங்காயத்தை உரிப்பதுபோல விளக்கினார்கள். நெருக்கத்துக்கு அகலமும் வேண்டும், ஆழமும் வேண்டும். அண்ணன் சொல்லும் டீக்கடைப் பேச்சில் அகலம் நிறைய இருந்திருக்கிறது. கிரிக்கெட், அரசியல், ஊர்ச்செய்தி எல்லாம் வந்திருக்கின்றன. இருபத்திரண்டு ஆண்டுகள் பேசினாலும் மேல்தோலிலேயே நின்றுவிட முடியும்.

அண்ணனிடம் ஒரு கேள்வி, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த டீக்கடையில் நீங்கள் உங்களைப் பற்றி ஆழமாகச் சொன்ன ஒன்று எது?

மேலூரான் எழுதியது:

மனத்தத்துவம் இருக்கட்டும். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே அதிக வட்டி வசூலிப்பதைத் தடை செய்யும் சட்டம் வந்துவிட்டது. தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர்வட்டி, தண்டல் எல்லாமே அதற்குள் அடங்கும். மூன்று ஆண்டுவரை சிறைத்தண்டனை உண்டு. அந்த நண்பர் தொடக்கத்திலேயே ஒருவரிடம் வாய் திறந்திருந்தால் யாராவது இதை எடுத்துச் சொல்லியிருப்பார்கள், ஒரு வழக்கறிஞரிடம் கூட்டிப்போயிருப்பார்கள். கந்துவட்டிக்காரர்களுக்கு முதல் பலமே கடன்காரர்களின் வெட்கம்தான். செல்லூர் ஐயா மௌனத்தை இவ்வளவு உயர்த்திப் பேசுவது எனக்கு அச்சமாக இருக்கிறது.

செல்லூர்த்தறி எழுதியது:

தம்பி மேலூரான் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வழக்கறிஞரிடம் சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. டீக்கடை நண்பரிடம் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் நட்பே பொய் என்ற தீர்ப்பைத்தான் மறுக்கிறேன்.

யானைமலைநிழல் தங்கச்சி, நம் அகத்திணை மரபில் அறத்தொடு நிற்றல் என்று ஒன்று உண்டல்லவா? தலைவி தன் காதலைத் தோழியிடம் மட்டும் சொல்வாள். தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் எடுத்துச் சொல்வார்கள். தந்தைமேல் அன்பு இல்லாததால் அவள் அவரிடம் நேரில் சொல்லாமல் இருந்தாளா? ஒரு செய்தியை யார் யாருக்கு, எந்தச் சமயத்தில், எந்தச் சொல்லால் கொண்டுபோவது என்பதில் நம்மவர்கள் அவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்கள். நெருக்கம் கூடக்கூடச் சொல்வதும் கூடும் என்கிற உங்கள் வெங்காயத்தில் இதற்கு இடமில்லை. நம்மூரில் மிக நெருங்கியவர்களிடம்தான் சில செய்திகளைச் சொல்லவே முடியாது. வைகை எக்ஸ்பிரஸில் எதிர் இருக்கையில் உட்கார்ந்தவரிடம் திண்டுக்கல் தாண்டுவதற்குள் குடும்பக் கதை முழுவதையும் கொட்டிவிட்டு எழும்பூரில் இறங்கிப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். மறுநாள் அந்த முகத்தில் விழிக்க வேண்டியதில்லை என்ற துணிவுதான் அவர்களைப் பேச வைக்கிறது.

பாரம் இறங்கக் கேட்பதற்கு ஆள்கூட வேண்டியதில்லை. 1986இல் வெளிவந்த ஜேம்ஸ் பென்னிபேக்கரின் ஆய்வைப் பற்றி என் மகன் சொன்னான். கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தங்கள் வாழ்வின் கொடிய துயரத்தைப் பற்றி எழுத வைத்தார்கள். நடந்ததையும் அதனால் பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரிடம் போனார்களாம். அது காகிதத்திடம் சொன்னதுதானே?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனம் கோணாதீர்கள். உங்களிடமே சொல்லாத ஒன்றை, தெப்பக்குளத்தான் தம்பி, நீங்கள் முன்பின் தெரியாத எங்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டீர்கள்.

விளாங்குடிக்காரி எழுதியது:

இவ்வளவு பேர் எழுதியும் அந்த வீட்டுப் பெண்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அண்ணன், உங்கள் மனைவிக்கு இது முன்பே தெரியுமா என்று கேட்டீர்களா? எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அடகு வைத்த நகை, அந்த வீட்டு ஆண்பிள்ளையின் நண்பர்களுக்குத் தெரியும் முன்பே அவர்களின் மனைவிமார் காதுக்கு வந்துவிடும். வந்தும் வெளியே போகாது. கேட்டுப் பாருங்கள்.

யானைமலைநிழல் எழுதியது:

செல்லூர் ஐயா சொன்ன ரயில் பயணி ஆய்வாளர்களும் கவனித்த மனிதர்தான். ஆனால் இறங்கிப் போகிறவருக்குப் பாரம் குறையுமே தவிர, உறவு எதுவும் மிஞ்சாது. அறத்தொடு நிற்றலையும் வேறு விதமாகப் பார்க்கிறேன். அந்தச் சங்கிலி முழுவதும், தலைவி தோழியிடம் வாய் திறந்த பிறகே நகர்கிறது. தந்தை முன் நிற்கும்போது அவள் மகள், குடிப்பெயரைக் காக்க வேண்டியவள். தோழி முன் அவள் எதையும் காக்க வேண்டியதில்லை. அப்படியானால் நாம் கேட்க வேண்டியது, அண்ணன் அந்த நண்பருக்குத் தோழி இடத்தில் இருந்தாரா, தந்தை இடத்தில் இருந்தாரா என்பதே. நண்பருடைய தற்கருத்தை மட்டும் இவ்வளவு அலசுகிறோம். கேட்கிறவர் தன்னை யாராக நினைத்திருக்கிறார் என்பதும் சொல்கிறவரின் வாயைத் திறக்கும் அல்லது அடைக்கும்.

தெப்பக்குளத்தான் எழுதியது:

நான்கு நாளாக எழுதவில்லை. செல்லூர் ஐயாவின் கடைசி வரி தைத்தது. ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை முதலிலேயே மாற்றித்தான் எழுதினேன். அப்படி இருந்தும் அவரைக் கேட்காமல் எழுதியது பிழை என்று ஏற்றுக்கொள்கிறேன்.

விளாங்குடிச் சகோதரி சொன்னபடி மனைவியிடம் கேட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமலேயே, "எட்டு மாசமாத் தெரியும்" என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றதற்கு, "அந்த மதினி சத்தியம் வாங்கிட்டாங்க" என்றாள். எனக்குத் தெரிய வேண்டாம் என்று ஏன் நினைத்தார்கள் என்று கேட்டபோதுதான் முறத்தைக் கீழே வைத்தாள். எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒருவர் இரண்டு வருடத்துக்கு முன்னால் கடன் தொல்லையால் ஊரைவிட்டுப் போனார். அன்று டீக்கடையில் நான், "வரவுக்கு மேல செலவு பண்றவன்கூடப் பழகுறதே தப்பு" என்று சொன்னேனாம். நண்பர் அதை வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். அப்படிச் சொன்னது எனக்கு நினைவில்கூட இல்லை. ஆனால் நான் சொல்லக்கூடிய சொல்தான் அது. கணக்கில் பிசகாதவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு பெருமை உண்டு. அதைச் சொல்லாத நாளே இருந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

யானைமலைநிழல் எழுதியது:

அண்ணன், இதை எழுத எவ்வளவு மனம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்காம் இருவரும் 1955இல் மனிதரின் தன்னறிவை நான்கு கட்டங்கள் கொண்ட சாளரமாக வரைந்தார்கள். நமக்கும் பிறருக்கும் தெரிந்தது ஒரு கட்டம், நாம் மறைப்பது ஒன்று, யாருக்குமே தெரியாதது ஒன்று. பிறருக்குத் தெரிந்து நமக்கு மட்டும் தெரியாதது இன்னொன்று. அதைக் குருட்டுக் கட்டம் என்பார்கள். நண்பர் தன் மறைவுக் கட்டத்தைப் பூட்டியதற்கு உங்கள் குருட்டுக் கட்டம் காரணமாக இருந்திருக்கிறது. அதை உங்கள் மனைவி திறந்து காட்டிவிட்டார்.

அவர் எட்டு மாதம் காத்த வாக்கையும் குறையாகப் பார்க்காதீர்கள். ஒருவர் நம்மிடம் சொன்ன செய்திக்கு நாமும் உரிமையாளர் ஆகிறோம், அதை யாரிடம் கொண்டுபோகலாம் என்ற விதியைச் சொன்னவரோடு சேர்ந்து காக்க வேண்டும் என்று தகவல்தொடர்பு ஆய்வாளர் சாண்ட்ரா பெட்ரோனியோ விளக்குகிறார்.

செல்லூர்த்தறி எழுதியது:

தம்பி, நீங்கள் நேர்மையானவர். ஆனாலும் என் கருத்து மாறவில்லை. இப்போது போய் அவரைச் சொல்ல வைக்க முயலாதீர்கள். சொல்லாமல் இருப்பதும் அவர் உரிமைதான். பேசியே தீருவதென்றால் உங்களுடையதைப் பேசுங்கள், அவருடையதைக் கேட்காதீர்கள்.

தெப்பக்குளத்தான் எழுதியது:

ஐயா சொன்னபடியே செய்தேன். நேற்று மாலை, டீ வந்தபின், 2014இல் நான் ஓர் ஏலச்சீட்டில் 1,80,000 ரூபாயை விட்டதைச் சொன்னேன். அது என் மனைவிக்குக்கூட முழுதாகத் தெரியாத தொகை. சொல்ல ஆரம்பித்தபோது தொண்டை அடைத்தது. கணக்கில் பிசகாதவனுக்கு அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்வது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது. மொய்யைப் பற்றியோ அவர் கடையைப் பற்றியோ நான் எதுவும் கேட்கவில்லை.

அவர் கிளாஸைக் கையிலேயே வைத்திருந்தார். டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. பிறகு பேசினார். கடைக்காரர் பெஞ்சை உள்ளே எடுக்கும்வரை பேசினார். அவர் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை.

மேலூரான் தம்பி எழுதிய சட்டச் செய்தியை மட்டும் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போயிருந்தேன். கொடுப்பதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தபோது, "கையில என்னய்யா தாளு?" என்று அவரே கேட்டு வாங்கி, தெருவிளக்கு வெளிச்சத்தில் இரண்டு முறை படித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.