அனுபவம் கூடக்கூடப் பணிவும் கூடுமா?

கேள்வி

"நிறைகுடம் தளும்பாது" என்று சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆனால் கட்டட வடிவமைப்பு அலுவலகம் ஒன்றில் பத்தாண்டுகளுக்கு மேல் பணியாற்றிய பிறகு எனக்கு அதில் ஐயம் எழுந்துள்ளது. எங்கள் மூத்த பொறியாளர்களில் ஒருவர், அண்மையில் சேர்ந்த பயிற்சியாளர் கேள்வி கேட்டால்கூட வரைபடத்தை மீண்டும் விரித்துப் பார்க்கிறார். மற்றவரோ, "நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது நீ பிறந்திருக்கவே மாட்டாய்" என்று பேச்சை முடித்துவிடுகிறார். இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தொழிலுக்கு வந்தவர்கள். அப்படியானால் பணிவும் விவேகமும் அனுபவத்தால் வருபவையா, பிறவிக் குணமா? உங்கள் துறையில் கண்டதை வைத்து விடையளிக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (விமானப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிப்பவர்)

அனுபவம் தானாகவே பணிவைத் தந்துவிடும் என்ற நம்பிக்கையை எங்கள் துறை பெரும் விலை கொடுத்துக் கைவிட்டது. 1977 மார்ச் 27 அன்று, டெனெரீஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில், மூடுபனிக்கு நடுவே கே.எல்.எம்., பான் ஆம் நிறுவனங்களின் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தனர். கே.எல்.எம். விமானத்தின் தலைமை விமானி, அந்நிறுவனத்தில் 747 விமானிகளுக்குப் பயிற்சியளித்த முதன்மைப் பயிற்றுநர். நிறுவன விளம்பரத்தில் படம் வெளிவரும் அளவுக்குப் பெயர் பெற்றவர். புறப்பாட்டு அனுமதி வருவதற்கு முன்பே அவர் விமானத்தை விரைவுபடுத்தியபோது, மற்ற விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று விமானப் பொறியாளர் ஐயத்துடன் கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்திச் சொன்னதும் அதற்குமேல் யாரும் மறுத்துப் பேசவில்லை.

பயிற்சியாளர்களிடம் நான் அதிக நேரம் பேசுவது இன்னொன்றைப் பற்றி. சிமுலேட்டர் (தரையிலேயே பறக்கும் சூழலை உருவாக்கும் பாவனைக் கருவி) பயிற்சியில் கட்டுப்பாட்டு அறையின் அனுமதியையும் பயிற்றுநரே கொடுத்துவிடுவார். காத்திருக்கும் தேவை அங்கே எழுவதில்லை. கே.எல்.எம். தலைமை விமானியின் அவசரத்துக்கு அந்த நெடுநாள் பழக்கமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று விபத்தை ஆராய்ந்தவர்கள் கருதினர். நீண்ட அனுபவம் தவறான பாடத்தையும் அதே உறுதியோடு கற்பித்துவிடும் என்பது எவ்வளவு அச்சமூட்டும் செய்தி என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்த ஆண்டு அமெரிக்காவின் போர்ட்லாந்தில் யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று, சக்கரக் கோளாற்றிலேயே தலைமை விமானியின் கவனம் முழுவதும் இருந்த வேளையில், எரிபொருள் தீர்ந்து விழுந்தது. இவற்றின் விளைவாகவே, இளையவர் வாய்விட்டு எச்சரிக்கவும் மூத்தவர் நின்று கேட்கவும் கற்பிக்கும் சி.ஆர்.எம். (விமானக் குழு வள மேலாண்மை) பயிற்சி உருவானது, யுனைடெட் நிறுவனம் 1981இல் அதைத் தொடங்கியது. 1989 ஜூலை 19 அன்று அதே நிறுவனத்தின் டிசி-10 விமானத்தின் வால்பகுதி இயந்திரம் வெடித்து, விமானத்தைத் திருப்பிக் கட்டுப்படுத்த உதவும் ஹைட்ராலிக் அமைப்புகள் மூன்றும் செயலிழந்தபோது, ஏறத்தாழ 30,000 மணி நேரம் பறந்திருந்த தலைமை விமானி அல் ஹேன்ஸ், பயணியாக வந்திருந்த பயிற்றுநர் ஒருவரை அழைத்து, இயந்திர விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில்களை அவர் கையில் கொடுத்தார். சூ சிட்டியில் விமானம் நொறுங்கி 112 பேர் இறந்தனர். எனினும் 184 பேர் பிழைத்தனர். அதற்குத் தம் திறமையைவிட அந்தப் பயிற்சியே முதன்மையான காரணம் என்று ஹேன்ஸ் பிற்காலத்தில் மேடைதோறும் சொல்லிவந்தார்.

மறுமொழி 2 (தமிழாசிரியர், பணி ஓய்வு பெற்றவர்)

நடைமுறைகளால் பணிவை வளர்க்கலாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் வயதுக்கும் அதற்கும் நேரான தொடர்பு இல்லை என்பதற்கு உ.வே.சாமிநாதையரை நினைவுபடுத்த விரும்புகிறேன். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானபோது அவருக்கு வயது 25. அதே ஆண்டில் அவ்வூர் முன்சீப் (உரிமையியல் நீதிபதி) சேலம் இராமசாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்க, அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என அவர் அடுக்கிய நெடிய பட்டியல் முதலியாரை அசைக்கவே இல்லை. சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்பதே அடுத்த கேள்வி, சாமிநாதையர் அதைப் படித்ததில்லை.

அந்த வயதில், அந்தப் பதவியில், சினம் கொண்டு திரும்பிவிடுவது எளிது. அவரோ நூலைப் பெற்றுக்கொண்டு படிக்கத் தொடங்கினார். சைவ மடத்தில் பயின்றவராயிருந்தும், சமண சமயச் செய்திகள் விளங்காத இடங்களில் கும்பகோணத்துச் சமணர்களை நாடிச் சென்று கேட்டுத் தெளிந்தார். அவர் பதிப்பித்த அந்நூல் 1887இல் வெளிவந்தது. பின்வந்த பதிப்புகளிலும் அவர் திருத்தம் செய்துகொண்டே இருந்தார். ஆகவே, அறியாததை அறிந்தவரிடம் கேட்கும் துணிவு முதலில் வந்து, புலமை அதன்பின் வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மறுமொழி 3 (மயக்க மருந்து மருத்துவர்)

ஐயா சொல்வது அழகான எடுத்துக்காட்டு. ஆனால் எல்லா அலுவலகத்துக்கும் ஒரு சாமிநாதையர் கிடைக்கமாட்டார். நான் முதல் மறுமொழியின் பக்கம் நிற்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் 19 கூறுகளே உள்ளன. தோலைக் கீறுவதற்கு முன் அனைவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஒருமுறை பெயர் சொல்லிப் பேசிவிட்ட செவிலியர், பிறகு பிழை கண்டால் பேசத் தயங்குவது குறைகிறது. புது தில்லி உள்ளிட்ட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் இதைச் சோதித்தபோது இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஒரு சிக்கல் மட்டும் எஞ்சியுள்ளது: மூத்தவரே அத்தகைய பட்டியலைச் சடங்காக எண்ணி ஒதுக்கிவிட்டால் என்ன செய்வது?

மறுமொழி 3 (தொடர்ச்சி)

அப்படி ஒதுக்குபவர்களை நானும் பார்த்திருக்கிறேன். பட்டியலை வாசிக்கும் பொறுப்பை அறுவை மருத்துவரிடம் விடாமல் செவிலியர் ஒருவரிடம் ஒப்படைப்பது அதற்காகத்தான்; அவர் வாசித்து முடிக்கும்வரை கத்தி எடுத்துத் தரப்படாது. உங்கள் அலுவலகத்திலும் வரைபடத்தின் இறுதிச் சரிபார்ப்பைப் பயிற்சியாளர் உரக்க வாசிக்கட்டும். மூத்தவரின் கையொப்பத்துக்கான இடம் அதற்குக் கீழே இருக்கட்டும்.