மடையோரம் கரும்பச்சை, கடைசி வயல் மஞ்சள்: ஜீவாமிர்தத்தைச் சீராகப் பரப்புவது எப்படி?

உழவர் உறவுகளுக்கு வணக்கம். திருவாரூர் பக்கம், களிமண், ஒன்றரை ஏக்கர். சீரகச் சம்பா நட்டு 28 நாள். ஒரே மடையில் இறங்கும் தண்ணீர் மூன்று வயல் தாண்டித்தான் கடைசி வயலுக்குப் போகிறது.

ஜீவாமிர்தம் (பயிருக்கு ஊட்டமாக விடும் நொதித்த சாணக் கரைசல்) வழக்கமான அளவுதான்: 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ நாட்டு மாட்டுச் சாணம், 10 லிட்டர் கோமியம், வெல்லமும் உளுந்து மாவும் 2 கிலோ வீதம், கைப்பிடி வரப்பு மண். நிழலில் 48 மணி நேரம், காலை மாலை கலக்கிவிட்டு. ஏக்கருக்கு 200 லிட்டர், 15 நாளுக்கு ஒருமுறை, மடைவாயில் டிரம் வைத்துக் குழாய் வழியே விடுகிறோம்.

சிக்கல் அங்கேதான். வயலில் நாலு விரல்கடை தண்ணீர் நிற்கும்போது விட்டால் சாணத் திப்பி மடையோரமே படிந்துவிடுகிறது. அங்கே தோகை கறுத்து, இலைச்சுருட்டுப் புழு முதலில் வந்து உட்காருகிறது. கடைசி வயலிலோ அடி இலை நுனியிலிருந்து மஞ்சள், தூர் கட்டவில்லை (பக்கக் கிளைப்பு வரவில்லை). வேரைப் பிடுங்கிப் பார்த்தால் வெள்ளையாக இருக்கிறது, அழுகல் வாடை இல்லை. இலையில் துருப்புள்ளியும் இல்லாததால் துத்தநாகக் குறையாகத் தெரியவில்லை; தழைச்சத்துதான் போய்ச் சேரவில்லை.

அளவைக் கூட்டச் சொல்லாதீர்கள், மடையோரப் பயிர் சாய்ந்துவிடும். தண்ணீரை வடித்து, சேறு தெரியும் பதத்தில் வயலுக்கு வயல் தனியாக ஊற்றியவர்கள் உண்டா? எத்தனை நாள் கழித்துத் தண்ணீர் கட்டினீர்கள்? கொசுவலையை இரண்டாக மடித்து வடிகட்டியும் குழாய் அடைக்கிறது, அதற்கு என்ன செய்கிறீர்கள்? கடைசி வயலுக்கு மட்டும் 10 லிட்டருக்கு 300 மில்லி பஞ்சகவ்யா தெளிப்பதா, 100 மில்லி மீன் அமிலமா (மீனும் வெல்லமும் ஊறவைத்த கரைசல்)? செய்து பார்த்தவர்கள் அளவோடு சொல்லுங்கள்.