மறுமொழி: ‘சுவாசத்தொற்றுத் திடீர் மரணம்’ என்னும் முன்மொழிவு குறித்து

குழுவினர்க்கு வணக்கம்.

சுவாசத் தொற்றால் எதிர்பாராமல் திடீரென நேரும் இறப்பைக் குறிக்கும் தமிழ்க் கலைச்சொல்லாகச் ‘சுவாசத்தொற்றுத் திடீர் மரணம்’ முன்மொழியப்பட்டுள்ளது. அத்தொடர் சுருக்கமானது, நாவுக்கும் எளிது. ஆயினும் அந்தச் சுருக்கத்தில்தான் மருத்துவச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. அதிலுள்ள ‘தொற்று’, ‘மரணம்’ ஆகியவற்றின் சேர்க்கை வேற்றுமைத்தொகை, அதாவது வேற்றுமை உருபு மறைந்து நிற்கும் தொடர். விரித்தால் ‘தொற்றால் மரணம்’ என்றும் வரும், ‘தொற்றோடு மரணம்’ என்றும் வரும். ஆல், ஓடு இரண்டும் மூன்றாம் வேற்றுமை உருபுகளே. பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியதோ இவ்விரண்டில் எது என்பதைத்தான்.

அம்முடிவு எளிதில் கிட்டுவதில்லை. இறந்த குழந்தையின் தொண்டைச் சளியில், கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை, சளிக்காய்ச்சல் தரும் ரைனோவைரஸைக் காட்டினால், அதனால்தான் குழந்தை இறந்தது என்று சொல்லிவிட முடியாது. நலமாக இருக்கும் குழந்தைகளிடமும் அது காணப்படுவதுண்டு. நுண்ணுயிர் வளர்ப்புச் சோதனையையும் தனித்து நம்ப இயலாது, ஏனெனில் உயிர் பிரிந்தபின் குடலிலும் தொண்டையிலும் உள்ள பாக்டீரியாக்கள் பிற உறுப்புகளுக்குப் பரவக்கூடும். கனத்த நுரையீரலும் வெட்டுப்பரப்பில் வழியும் நுரையும் இதயச் செயலிழப்பிலும் உண்டு. நுண்ணோக்கியின்கீழ் நுரையீரலின் காற்று நுண்ணறைகள் நியூட்ரோஃபில்கள் எனும் வெள்ளணுக்களால் நிறைந்திருப்பதையோ, அவற்றின் உட்சுவரில் கண்ணாடி போன்ற சவ்வு படிந்திருப்பதையோ கண்டு, கிருமிச் சோதனையும் நோய் வரலாறும் அதனோடு பொருந்தி வரும்போதுதான் ‘ஓடு’ என்பது ‘ஆல்’ ஆகிறது.

இதற்கோர் எடுத்துக்காட்டு: அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சாந்தா கிளாரா மாவட்டத்தில் 2020 பிப்ரவரி 6 அன்று ஒரு பெண்மணி தம் வீட்டில் திடீரென இறந்தார். முதலில் மாரடைப்பு என்றே கருதப்பட்டது. பாதுகாத்து வைத்திருந்த திசுக்களை அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் சோதித்தபின், ஏப்ரல் 21 அன்று அது கொரோனா இறப்பு என அறிவிக்கப்பட்டது. அந்நாட்டின் முதல் கொரோனா இறப்பு பிப்ரவரி இறுதியில் வாஷிங்டன் மாநிலத்தில் நேர்ந்ததாக அதுவரை எண்ணியிருந்தனர். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. அவருடைய இதயச் சுவர் கிழிந்திருந்தது. மூச்சுக்குழல், நுரையீரல் ஆகியவற்றோடு இதயத்திலும் வைரஸ் இருந்தது. ஆக, உயிரைப் பறித்த உடனடிக் காரணம் இதயத்தில், அடிப்படைக் காரணம் தொற்றில். நம் சொல்லில் வரும் ‘ஆல்’ அடிப்படைக் காரணத்தைச் சுட்டுவதாகவே வரையறுக்கப்பட வேண்டும்.

‘திடீர்’ என்பதும் ‘எதிர்பாராத’ என்பதும் ஒன்றல்ல. முன்னது கால அளவைக் குறிப்பது: பன்னாட்டு நோய் வகைப்பாடான ஐ.சி.டி. 10 பட்டியலின் ஆர் 96.1 பிரிவு, அறிகுறி தொடங்கி 24 மணி நேரத்துக்குள் நேர்ந்து வேறு விளக்கம் கிட்டாத இறப்பைக் கூறுகிறது. மூன்று நாள் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்த இளைஞர் விடியலில் இறந்து கிடந்தால் அது எதிர்பாராதது, ஆனால் அவ்வரையறைப்படி திடீர் அல்ல. ஒன்றை விட்டால் பொருள் குறையும்.

குழந்தை இறப்பில் ஏற்கெனவே இரு படிநிலைகள் உள்ளன. எதிர்பாராமல் நேர்ந்த எல்லா இறப்புக்கும் ஒரு பொதுப்பெயர் (ஆங்கிலத்தில் SUDI). முழுமையான பிரேதப் பரிசோதனை, இறந்த இடத்தின் ஆய்வு, மருத்துவ வரலாறு மூன்றுக்கும் பின்னரும் காரணம் புலப்படாத, ஓராண்டு நிறையாத குழந்தைகளின் இறப்புக்கு மட்டும் தனிப்பெயர் (SIDS). நிமோனியா காரணமென உறுதியானால் அக்குழந்தை இரண்டாம் வகையிலிருந்து விலகிவிடும். அதையொட்டி, ஆய்வுக்கு முன் ‘எதிர்பாராத் திடீர் இறப்பு’ என்றும், ஆய்வு முடிந்தபின் ‘சுவாசத் தொற்றால் நேர்ந்த எதிர்பாராத் திடீர் இறப்பு’ என்றும் வழங்கலாம் என்பது என் பரிந்துரை.

‘பிரேதப் பரிசோதனை’ என்பதையே, அதில் கண்டறியப்படும் நோய் பற்றிய முடிவுக்கும் பயன்படுத்தலாம் என்ற கருத்தை ஏற்க இயலவில்லை. பரிசோதனை செயல்முறை, அதன் முடிவு, மேற்சொன்ன நிகழ்வில் போல, பல வாரம் கழித்தும் வரலாம். முடிவுக்கு ‘இறந்தபின் நோயறிதல்’ போதும். ‘மரணோத்தர’ (இறந்தபின்) என்று தொடங்கும் வடசொல் வேண்டாம்.

நீளம் மிகுதி என்போர் அட்டவணைத் தலைப்புகளில் ‘தொற்றால் திடீர் இறப்பு’ என்று சுருக்கிக்கொள்ளட்டும். ‘ஆல்’ என்னும் உருபை மட்டும் விட்டுவிட வேண்டாம்.