ஹைப்பர்வைசருக்கு 'மெய்நிகராக்கி' என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஆறு பேர் வேலை செய்யும் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில், டாலி ஓடும் விண்டோஸையும் லினக்ஸ் கோப்பு வழங்கியையும் ஒரே கணினிப் பெட்டியில் ஓட்ட ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டிருக்கிறோம். அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்காகத் தமிழில் கையேடு எழுத உட்கார்ந்தேன். 'மெய்நிகர் கணினி' (விர்ச்சுவல் மெஷின், ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாகும் இன்னொரு கணினி) வரை தடையில்லை, அப்படிப்பட்ட கணினிகளை உருவாக்கி ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசரில் நின்றுவிட்டேன்.

'மீமேற்பார்வையாளர்' என்று முன்பு ஒருவர் சொன்னார். மூலச் சொல்லுக்கு அது நெருக்கம்தான்: இயங்குதளத்தின் கருவை (கெர்னல்) அந்தக் காலத்தில் சூப்பர்வைசர் என்றார்கள், அதற்கும் மேலே நின்று ஆள்வதால் இது ஹைப்பர் ஆனது, மீயுரையில் (ஹைப்பர்டெக்ஸ்ட்) நமக்குப் பழகிய அதே 'மீ'. ஆனால் மேற்பார்வையாளர் என்றால் ஓர் ஆள்தானே கண்முன் வருகிறார்? உலாவி, வழங்கி, திசைவி என்று இகரத்தில் முடித்துத்தான் நமக்குப் பழக்கம். 'பங்கிடி' என்றும் எழுதிப் பார்த்தேன், சொல்லும்போது இடிதான் காதில் விழுகிறது. மெய்நிகர் கணினியை ஆக்கித் தருவது மெய்நிகராக்கி, கேட்டதும் புரிகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. ப்ராக்ஸ்மாக்ஸில் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கேவிஎம், கொள்கலன்களை (கன்டெய்னர், நிரல்களைத் தனியாகப் பிரித்து ஓட்டும் உறை) ஓட்டும் எல்எக்ஸ்சி இரண்டும் இருக்கின்றன, எல்எக்ஸ்சி கொள்கலனையும் மெய்நிகராக்கம் என்றே பலர் எழுதுகிறார்கள். கொள்கலனுக்குத் தனிக் கரு கிடையாது, கீழே இருக்கும் லினக்ஸின் கருவையே பகிர்ந்துகொள்ளும். நினைவகம் குறைவாகப் பிடிப்பதும் அதனால்தான், விண்டோஸை அதற்குள் நிறுவ முடியாததும் அதனால்தான். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் தம்பி விண்டோஸுக்குக் கொள்கலன் உருவாக்கப் பார்த்து ஒரு நாளைத் தொலைப்பார். அதனால் தனிக் கரு ஓடும் இடத்தில் மட்டும் மெய்நிகராக்கி, மற்றது வெறும் கொள்கலன் என்று கண்டிப்பாகப் பிரித்துவிடலாம்.

அப்புறம் வகைகள். விர்ச்சுவல்பாக்ஸ் போல வேறொரு இயங்குதளத்தின் மேல் உட்காருவது சார்பு மெய்நிகராக்கி, வன்பொருள் மேலேயே உட்காருவது நேரடி மெய்நிகராக்கி. கேவிஎம் 2007இல் லினக்ஸ் 2.6.20உடன் கருவுக்குள்ளேயே வந்துவிட்டது, அதை எந்த வகையில் சேர்ப்பது என்ற வாதம் ஆங்கிலத்திலும் நடக்கிறது. நான் நேரடி என்றே எழுதப்போகிறேன்.

மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் கணினியான ஹோஸ்டுக்குச் சிலர் எழுதும் 'புரவலர்' எனக்கு ஒட்டவில்லை, விழா அழைப்பிதழில் நன்கொடை தந்தவர் பெயருக்கு முன்னால் வரும் சொல் அது. விருந்தோம்பலிலிருந்து 'ஓம்பி' எடுத்தால் அதற்குள் ஓடும் கெஸ்டுக்கு 'விருந்தினர்' தானாகப் பொருந்துகிறது. தனியாக நிற்கும்போது 'ஓம்பி' புரிகிறதா? ஞாயிற்றுக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும், அதற்குள் எழுதுங்கள்.